ஈயப்பட்டியும் தாலிக்கொடியும்

சுவிஸில் நொஷாட்டல் ஏரியின் அடியில் பார்க்க என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், ஒரு சைக்கிள் என்று சொல்வேன். எட்டு மீற்றர் ஆழத்தில், சேற்றில் பாதி புதைந்து, மணி மட்டும் கழலாமல் கிடக்கிறது. பல் கிட்டும் குளிரில், நீட்டிய கையே மங்கலாய்த் தெரிகிற தண்ணீரில், ஐந்து சனிக்கிழமைகள் போய் அந்தச் சைக்கிளைப் பார்த்துவிட்டு வந்ததற்காக எனக்குச் சுழியோடி என்று ஒரு அட்டை தந்தார்கள்.

ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மகள் தந்த பரிசு அந்த வகுப்பு. ஓல்டனில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுக்கலாம் என்று தோன்றாமல், அம்மாவைத் தண்ணீருக்குள் அனுப்பலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. முதல் நாள் கோபத்தோடுதான் போனேன். தண்ணீருக்கு அடியில் யாராலும் கதைக்க முடியாது என்று கண்டதும் பிடித்துப் போய்விட்டது. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். தமிழ்ப் பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கத்திலும் இருக்கிறேன். எனக்கு முக்கால் மணித்தியால மௌனம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது சங்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் ஆசிரியர் ஷில்பேர் எதையும் முப்பது தரம் செய்ய வைக்கிற மனிதர். சுழியோடும் உடுப்பு ஆளை மிதக்க வைக்கும். அதனால் தாழ்வதற்கு இடுப்பில் ஈயக்கட்டி வைத்த பட்டி ஒன்றைக் கட்ட வேண்டும். என் பட்டியில் இழுத்து மூடும் சிப் வைத்த சின்னப் பைகள் இருந்தன, பைக்கு ஒரு கட்டி. மேலே வந்ததும் மிதப்பதற்கு, பொத்தானை அமத்தினால் காற்று நிரம்புகிற சட்டை ஒன்றும் உண்டு.

"மேலே வந்தபிறகு மிதக்க முடியாவிட்டால் முதல் வேலை பட்டியைக் கழற்றி விடு. யோசிக்காதே. ஈயத்தைத் திரும்பவும் வாங்கலாம்," என்பார் ஷில்பேர்.

கழற்று, கட்டு, கழற்று, கட்டு என்று அந்தக் குளிருக்குள் அவர் செய்வித்த பயிற்சியில், கடைசியில் நான் கேட்காமலே என் வலது கை பட்டியின் கொளுக்கியைத் தட்டப் பழகிவிட்டது. பிறகு நடந்த அவ்வளவுக்கும் அந்தக் கைதான் காரணம்.

மிர்லாண்ட் என்னோடு வேலை செய்கிறவள். ஹெய்ட்டி நாட்டுக்காரி. எங்கள் இருவருக்கும் பொதுவாக அரைகுறைப் பிரெஞ்சும் முக்கால்வாசி சுவிஸ் ஜேர்மனும் இருக்கின்றன. ஆனால் அவள் சொன்னதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணத் தமிழாகவே ஞாபகத்தில் நிற்கிறது. அவளுடைய தம்பி வில்னேர், அந்த நாட்டின் வடக்குக் கரையில் ஒரு மீன்பிடிக் கிராமத்தில் சுழியோடும் தொழில் தொடங்கியிருந்தான். படகு, காற்று அடைக்கும் இயந்திரம், பெயர்ப்பலகை எல்லாம் இருந்தன. ஆட்கள்தான் இல்லை. சண்டையும் கடத்தலும் என்று செய்தியில் வருகிற நாட்டுக்கு யார் நீந்தப் போவார்கள்?

நான் பழகிய இடத்தில் பழைய சுழியோடும் சாமான்களைக் கழித்து ஒதுக்கினார்கள். அவற்றை மிர்லாண்டின் தம்பிக்குக் கேட்டு வாங்கிக் கொடுத்தது நான். இரண்டு பெட்டி நிறைந்தது. விமானத்தில் ஓர் ஆளுக்கு ஒரு பெட்டிதான்.

"நீயும் வாவன். அவனுக்கு ஒரு வாடிக்கையாளராவது வேணும்," என்றாள் மிர்லாண்ட்.

பொதி கொண்டுபோகச் சொல்லிக் கேட்டால் மறுக்கத் தெரியாத இனம் நாங்கள். ஆரோ ஒருவருடைய மிளகாய்த்தூளைக் கண்டம் விட்டுக் கண்டம் காவிய தோள்கள் இவை. ஓம் என்றுவிட்டேன்.

பயணச்சீட்டு எடுத்த பிறகுதான் சிக்கல் வந்தது. என் கணவர் சிறிக்கு மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுக்கியது. பாசலில் பெரிய வைத்தியசாலையில் சோதனை எடுத்தார்கள். ஒப்பரேசன் வேண்டுமா, குளிசையோடு போகுமா என்பதைச் சொல்ல அவர்கள் குறித்த வெள்ளிக்கிழமை, நான் ஹெய்ட்டியில் நிற்கிற வெள்ளிக்கிழமை. நான் போகவில்லை என்றேன்.

"பாசலில ட்ராம் ஏற எனக்குத் தெரியும். நீர் போட்டு வாரும். தாலிக்கொடியை மட்டும் கழட்டி வைச்சிட்டுப் போம். அந்த நாட்டில பவுண் போட்டுக்கொண்டு திரியிறது புத்தியில்லை," என்றார். சரக்குக் கிடங்கில் முப்பது வருடம் வேலை செய்த மனிதர். எது எங்கே இருக்க வேண்டும் என்பதில் அவருக்குத் தெளிவு உண்டு.

"வெள்ளிக்கிழமை டொக்டர் என்ன சொல்லுறார் எண்டு தெரியும் வரைக்கும் நான் கழட்ட மாட்டன்."

"அது என்ன விசர்க்கதை? கொடிக்கும் என்ர நெஞ்சுக்கும் என்ன தொடர்பு?"

ஒரு தொடர்பும் இல்லை என்று எனக்கும் தெரியும். சாத்திரம் பார்க்கிறவர்களைப் பார்த்து முகத்துக்கு நேரே சிரித்திருக்கிறேன். ஆனால் அந்த நேரம் பயமாக இருந்தது, அவ்வளவுதான். கொடியோடுதான் விமானம் ஏறினேன்.

புதன்கிழமை போய் இறங்கினோம். வெக்கை முகத்தில் அடித்தது. உடம்பு முப்பது வருடத்துக்குப் பிறகு தன் ஊர் வெயிலைக் கண்ட மாதிரித் தளர்ந்தது. மிர்லாண்ட் என்னை ஒரு மூலைக்கு இழுத்துப் போய்த் தோட்டையும் காப்பையும் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். கழுத்தைக் காட்டினாள். இது முடியாது என்றேன். பெருமூச்சு விட்டு, என் சட்டைப் பொத்தானை மேல்வரை தானே பூட்டிவிட்டாள். நாற்பது பாகை வெக்கையில் நான் தேவாலயப் பாடகி போல நின்றேன்.

வில்னேர் ஒரு வாகனம் கொண்டு வந்திருந்தான். பின்பக்கம் இரண்டு வாங்குப் பலகை போட்ட பிக்கப். உடம்பு முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூவும் சிங்கமும் யேசுவும் கால்பந்து வீரரும் வரைந்திருந்தார்கள். எங்கள் ஊர் மினிபஸ்ஸை அலங்கரித்தவர்கள் இவர்களைக் கண்டிருந்தால் தூரிகையைக் கீழே வைத்திருப்பார்கள். இருபது பேரும் ஐந்து கோழியும் ஒரு கதவும் ஏறினோம். வீட்டுக்குப் போடுகிற மரக்கதவு. அதன் சொந்தக்காரர் அதை மடியில் வைத்திருந்தார். நானும் பாதி வைத்திருந்தேன்.

ஒரு மணித்தியாலம் போனதும் வண்டி நின்றது. தெருவுக்குக் குறுக்கே கயிறு. நாலைந்து ஆண்கள், ஒருவர் கையில் மண்வெட்டி. யாரும் இறங்கச் சொல்லவில்லை. ஆனால் என் கால்கள் தாங்களாகவே இறங்கிவிட்டன. கடவுச்சீட்டைத் திறந்து படம் தெரியப் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து, தெரு ஓரமாய் வரிசைக்கு நின்றேன். இளவயதில் ஒரு நாளைக்கு மூன்று சோதனைச்சாவடி தாண்டிப் படித்த உடம்பு இது. பின்னால் யாரும் வரிசைக்கு வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தால், வண்டியில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கயிறு பிடித்தவர்கள் தெருவில் பள்ளம் மூடுகிறவர்களாம். மூடிய பள்ளத்துக்கு ஏதாவது தந்துவிட்டுப் போகச் சொல்லிக் கேட்கிறார்கள். மண்வெட்டிக்காரர் என் கடவுச்சீட்டை மரியாதைக்காக வாங்கி, படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஏதோ சொல்லித் திருப்பித் தந்தார். வண்டி முழுக்கச் சிரித்தது.

"என்னவாம்?" என்று மிர்லாண்டைக் கேட்டேன்.

"படத்தில இருக்கிறவ கொஞ்சம் வடிவாம். எண்டாலும் உன்னையும் விடுகினமாம்."

வில்னேரின் வீட்டில் அவன் மனைவி ரோஸ் கால் கழுவத் தண்ணீர் தந்தாள். கிணறு அரைக் கட்டை தூரம், ஒரு கிலோமீற்றருக்குக் கிட்ட. அவள் தலையில் வைத்துச் சுமந்து வந்த தண்ணீர். நான் அரைக் கோப்பையில் காலை முடித்துக்கொண்டேன். வீட்டைச் சுற்றி வேலி. வேலியைப் பார்த்ததும் நான் நின்ற இடத்தில் நின்றுவிட்டேன். அவ்வளவும் முருங்கை. பாசலில் தமிழ்க் கடையில் விமானத்தில் வந்து இறங்கும் முருங்கைக்காயை நாங்கள் எண்ணித்தான் எடுப்போம். இங்கே காய்கள் முற்றிக் காய்ந்து, எடுப்பார் இல்லாமல் தொங்குகின்றன. இலையை ஆட்டுக்குப் போடுகிறார்களாம். எனக்கு ஆட்டின் மேல் பொறாமை வந்தது.

வியாழக்கிழமை காலை முதல் தரம் கடலுக்குள் போனேன். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வார்த்தை காணாது. சைக்கிள் பார்த்த கண்ணுக்கு அது அதிகம். பெரிய மீன்கள் இல்லை. பசித்த ஊர், பிடித்துத் தின்றுவிட்டார்கள் என்று வில்னேர் ஒளிக்காமல் சொல்லியிருந்தான். ஆனால் ஆனைக்காது அளவில் செம்மஞ்சள் கடற்பஞ்சுகள் பாறை முழுக்க விரிந்திருந்தன. அவற்றுக்கு நடுவே விரல் நீள மீன்கள், பிடிபடாத அளவுக்குச் சின்னதாய் இருந்து தப்பியவை. முகமூடிக்குள் அழுதேன். சூடான தண்ணீரில் சுழியோடுவதே ஒரு சந்தோஷம். சிறியும் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவருக்குக் குளிக்கும் தொட்டியே பயம்.

மேலே வந்ததும் வில்னேர், "நல்ல தண்ணியில எல்லாத்தையும் அலசோணும்," என்று வாளியைக் காட்டினான். ஏரியில் பழகிய எனக்கு அலசிப் பழக்கம் இல்லை. அதோடு அது ரோஸ் தலையில் சுமந்த தண்ணீர். காற்றுச் சட்டை குடிக்கிற அளவுக்கு அது மலிவு இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அலசியாயிற்று என்றேன்.

சாப்பாடு சிவப்பு அவரை போட்ட சோறு, சங்குச்சதைக் கறி, பக்கத்தில் முட்டைக்கோவாவும் கரட்டும் உறைப்பு மிளகாயும் புளிக்காடியில் ஊறிய ஒரு ஊறுகாய். எங்கள் அச்சாறுக்குக் கூடப் பிறந்தது. மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன். நாளைக்கு வெள்ளி, எனக்கு மச்சச் சாப்பாடு இல்லை என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

"எங்களுக்கும் வெள்ளி எண்டால் இறைச்சி இல்லை. மீன்தான்," என்றாள் ரோஸ் சந்தோஷமாக.

எங்கள் முருகன் மீனையும் சேர்த்துத் தடுத்துவிட்டார் என்று விளக்கினேன். அவள் என் மேல் இரக்கப்பட்டாள். வேலியில் ஏறி முருங்கையிலை ஒடித்து, வறை செய்வது எப்படி என்று காட்டிக் கொடுத்தேன். தேங்காய்ப்பூ போட்டதும் ரோஸ் வாயில் வைத்துப் பார்த்து, ஆட்டை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில்தான் நான் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். முதல்நாள் கொடி உடுப்புக்குள் இறுகிக் கழுத்தை அறுத்துவிட்டது. கழற்றி அறையில் வைக்கலாம் என்றால் அறைக்குக் கதவு இல்லை, திரைச்சீலைதான். உன்னிடம் ஈயம் அதிகம், ஒரு கட்டியை எடு என்று வில்னேர் சொல்லியிருந்தான். எடுத்தேன். பட்டியில் ஒரு பை வெறுமையாயிற்று. கொடியைக் கைலேஞ்சித் துணியில் சுற்றி அந்தப் பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்தேன். கழுத்தில் இல்லாவிட்டால் என்ன, இடுப்பில் இருக்கிறது. உடம்பை விட்டுப் போகவில்லை. கழற்ற மாட்டேன் என்று சொன்னதில் நான் பிசகவில்லை. கள்ளர் வந்தாலும் ஈயத்தையா தேடப் போகிறார்கள்?

அடியில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மேலே வந்தபோது காற்று எழும்பியிருந்தது. படகு கொஞ்சத் தூரத்தில் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. காற்றுச் சட்டையின் பொத்தானை அமத்தினேன். அசையவில்லை. அலசாத உப்பும் மணலும் அதை இறுக்கிப் பிடித்திருந்தன. ஓர் அலை வாய்க்குள் போனது. இன்னொன்று மூக்குக்குள். தாழ்கிறேன் என்று தெரிந்தது.

கை என்னைக் கேட்கவில்லை. ஷில்பேரின் கை அது. டக் என்று கொளுக்கியைத் தட்டியது. பட்டி போயிற்று. நான் தக்கை போல மேலே வந்தேன். இருமி, துப்பி, மூச்சு எடுத்து, முப்பது தரப் பயிற்சியும் வீண் போகவில்லை என்று ஆசிரியரை மனதால் வாழ்த்தி, அந்த வாழ்த்து முடிய முன்னர்தான் பட்டியோடு என்ன போனது என்பது உறைத்தது.

"கொடி," என்றேன். அலைக்கு மேல் தலையை வைத்துக்கொண்டு கத்தினேன். ஹெய்ட்டியின் வடக்குக் கடலில் அந்தச் சொல் அதற்கு முன் ஒலித்திருக்காது.

மிர்லாண்ட் என்னைப் படகுக்குள் இழுத்துப் போட்டாள். விஷயம் விளங்க அவளுக்கு ஒரு நிமிடம் எடுத்தது. வில்னேருக்கு அவள் சொல்ல, அவன் கரையைப் பார்த்து அந்த இடத்துக்குக் குறி எடுத்தான். கோயில் மணிக்கோபுரம் பெரிய மாமரத்துக்கு நேரே, நீலக்கூரை மலை இடுக்குக்கு நேரே. மிச்சமிருந்த ஒரே சிலிண்டரைப் போட்டுக்கொண்டு இறங்கினான். அரை மணித்தியாலத்தில் வெறுங்கையோடு வந்தான். ஊரில் டீசல் முடிந்திருந்தது. டீசல் இல்லையென்றால் காற்று அடைக்கிற இயந்திரம் ஓடாது. கைத்தொலைபேசிக் கோபுரமும் டீசலில்தான் ஓடுகிறதாம். அதுவும் நின்றிருந்தது.

வெள்ளிக்கிழமை அதுவுமாய், தாலி கடலுக்கடியில். டொக்டர் பாசலில் என்ன சொன்னார் என்று கேட்க வழி இல்லை. நான் படித்தவள், மூட நம்பிக்கை இல்லாதவள் என்று முப்பது வருடமாய்ச் சொல்லிக்கொண்டு திரிந்ததெல்லாம் அந்தப் பகலில் ஒரு சதத்துக்கு உதவவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் 'கழட்ட மாட்டன்' என்று சபதம் எடுத்து, பிறகு நானே கடலுக்குள் கழற்றி விட்டேனே என்று மனம் அடித்துக்கொண்டது. ரோஸ் தானாகவே முருங்கையிலை ஒடித்து, நான் காட்டிய மாதிரியே வறை செய்து கொண்டு வந்து வைத்தாள். உப்பும் புளியும் சரியாக இருந்தன. ஒரு வாய்க்கு மேல் நான் எடுக்கவில்லை. அவள் பக்கத்தில் இருந்து என் முதுகைத் தடவினாள்.

சனிக்கிழமை விடிந்ததும் வில்னேர் ஓர் ஆளைக் கூட்டி வந்தான். சங்கு எடுக்கிறவர். சிலிண்டர், உடுப்பு ஒன்றும் இல்லை. ஒரு கண்ணாடி, ஒரு அரைக்காற்சட்டை. பெயர் ஃபிரிட்ஸ். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மூன்று ஃபிரிட்ஸ் இருக்கிறார்கள். மூன்று பேரையும் குளிக்க வைப்பது என் வேலை. நாலாவது ஃபிரிட்ஸ் கரிய தோளும் நரைத்த தாடியுமாய்ப் படகின் விளிம்பில் இருந்து மூக்கைச் சிந்தினார்.

குறி பார்த்துப் படகை நிறுத்தினான் வில்னேர். ஃபிரிட்ஸ் மூச்சை இழுத்து இறங்கினார். நான் எண்ணினேன். எண்பது வரை எண்ணினேன். வெறுங்கை. திரும்ப இறங்கினார். ஒரு சங்கோடு வந்தார். அதைப் படகுக்குள் போட்டுவிட்டு, வந்தது வந்தேன் என்ற முகத்தோடு மறுபடி போனார். ஏழாவது தரம் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். முருகனோடு நேரடியாகக் கதைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது தரம் அவர் தலைக்கு முன்னால் பட்டி வந்தது.

சிப்பை இழுத்தேன். ஈரக் கைலேஞ்சிக்குள் கொடி சுருண்டு கிடந்தது. கண்ணில் ஒற்றிக் கழுத்தில் போட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து விக்கல் எடுத்தது. ஃபிரிட்ஸ் படகின் விளிம்பைப் பிடித்தபடி என்னையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தார். அது என்ன என்று மிர்லாண்டைக் கேட்டார். மோதிரம் மாதிரி, கல்யாணத்தில் இவளுடைய புருசன் கட்டியது, கழுத்தில் அவரே இருக்கிற மாதிரி என்று அவள் விளக்கினாள். அவர் யோசித்தார்.

"புருசன் எண்டால், அந்த மனுசனை ஏன் ஈயத்தோட சேர்த்துக் கட்டி வைச்சவ?"

கையில் இருந்த காசைக் கொடுக்கப் போனேன், அவர் வாங்கவில்லை. ஈயத்தைத் தாறியோ என்று கேட்டார். வலைக்குக் கட்ட ஈயம் அங்கே கிடைப்பதில்லை. பட்டியோடு கொடுத்தேன். வீட்டில் எடுத்து வைத்திருந்த மற்றக் கட்டியையும் கொடுத்தேன்.

பின்னேரம் எங்கிருந்தோ டீசல் வந்து தொலைபேசிக் கோபுரம் உயிர்த்தது. சிறி இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"குளிசை காணுமாம். ஒப்பரேசன் தேவையில்லையாம். நேற்றிலயிருந்து உமக்கு அடிச்சுக்கொண்டிருக்கிறன்."

"நேற்று எத்தினை மணிக்குச் சொன்னவை?"

"இரண்டரைக்கு. ஏன்?"

பாசலில் இரண்டரை என்றால் அங்கே காலை எட்டரை. அலை வாய்க்குள் போன நேரம். கொடி கடலின் அடிக்குப் போய்க்கொண்டிருந்த அதே நேரத்தில், அங்கே ஒருவர் வெள்ளைச் சட்டையோடு நின்று இவருடைய நெஞ்சுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். இதை எந்தச் சாத்திரத்தில் போய்ப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சும்மாதான் கேட்டேன் என்று சொன்னேன்.

ஓல்டன் ரயில் நிலையத்தில் என் குளிர்ச்சட்டையோடு நின்றார். போட்டுவிட வந்தவரின் பார்வை கழுத்தில் நின்றது. கொடியின் ஒரு பக்கம், பையில் ஒட்டியிருந்த ஈயக்கறை பட்டுக் கறுத்திருந்தது. முப்பது வருடம் பெட்டிகளில் கீறல் பார்த்த கண்.

"இது என்ன?"

பேருந்து வரப் பத்து நிமிடம் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அலசாத சட்டை, ஈயப்பட்டி, ஷில்பேரின் கை, நாலாவது ஃபிரிட்ஸ், ஒன்றையும் விடவில்லை. ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். கழட்டி வைச்சிட்டுப் போகச் சொன்னனான் தானே என்று தொடங்கினால், அதற்கு என்ன பதில் சொல்வது என்று விமானத்திலேயே யோசித்து வைத்திருந்தேன். அவர் என் குளிர்ச்சட்டையின் பொத்தானைப் பூட்டத் தொடங்கினார்.

"அப்ப நீர் தாழப் பார்த்தனீர்," என்றார்.

"ஓம்."

"என்னைக் கழட்டி விட்டவுடன மேல வந்திட்டீர்."

"ஓம்."

பேருந்து வந்து நின்றது. பெட்டியைத் தூக்கப் போனவரை நான் தடுத்தேன். அவர் விடவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினோம்.

"எனக்கு நீச்சலும் தெரியாது," என்றார், இருந்து மூச்சு வாங்கியபிறகு. "எண்டாலும் உம்மை மேல அனுப்பிப் போட்டன், பார்த்தீரோ."